முதல் டர்ட் பைக்: விலையை விசாரிக்கும் முன் சிலிண்டரை விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர்கிராஸ் பந்தயம் பற்றி ஞாயிறு இணைப்பில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மண்மேட்டுக்கு மேலே வண்டி பறக்கிற அந்தப் பெரிய படம் பிரமாதம். ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. அந்த வண்டி என்ன விலை, அதை ஒரு மணி நேரம் ஓட்டினால் என்ன செலவாகும் என்று கட்டுரையில் எங்கேயும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதவில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், சிலிண்டர் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கோவை கணபதியில் சிலிண்டர் போரிங் பட்டறை வைத்திருக்கிறேன். மெக்கானிக்குகள் கழற்றி அனுப்பும் பிளாக் என் மேஜைக்கு வரும். போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) விட்டுப் பார்த்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம் என்று சொல்வது என் வேலை. வண்டி வாங்கப் போகும்போது யாரும் என்னிடம் வருவதில்லை. வாங்கி, நாலு வாரம் ஓட்டி, சீஸ் ஆன (பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்ற) பிறகு சாக்குப் பையில் சிலிண்டரைப் போட்டு எடுத்து வருகிறார்கள்.

டர்ட் பைக், அதாவது மண்ணில் ஓட்டுகிற வண்டி, வாங்க ஆசைப்படுகிற இந்தக் கூட்டம் இப்போது கூடியிருக்கிறது. 2024ல் புனே, அகமதாபாத், பெங்களூரு என்று மூன்று ஊரில் சூப்பர்கிராஸ் லீக் நடந்தது. அதே வருடம் டக்கார் ராலியில் நம் பாலக்காட்டுப் பக்கத்து ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். 2015ல் சி.எஸ். சந்தோஷ் முதல் இந்தியராக டக்கார் போனதிலிருந்தே பையன்களுக்கு மண் ஓட்டத்தில் ஆசை உண்டு, இப்போது அது வீட்டில் அப்பாவிடம் வாய்விட்டுக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. கேட்பது தப்பில்லை. கரி ஸ்பீட்வே இருக்கிற ஊர், ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊர். இங்கே பையன்கள் ரேஸ் வண்டி கேட்காமல் வேறெங்கே கேட்பார்கள்?

சரி, கையில் எவ்வளவு? பெரும்பாலும் ஒரு லட்சம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. மண் பந்தயத்துக்கென்றே செய்யும் மோட்டோகிராஸ் வண்டி அந்தக் காசுக்குப் புதிதாகக் கிடைக்காது. 2018ல் சுசுகி ஆர்எம்-இசட் 250 இங்கே வந்தபோதே விலை 7 லட்சத்து 10 ஆயிரம். அதனால் போனில் தேடுகிறார்கள். பத்து, பன்னிரண்டு வருடத்துப் பழைய வெளிநாட்டு 250 சிசி வண்டி ஒன்று, புது ஸ்டிக்கர் ஒட்டி, பளபளவென்று, ஒன்றே முக்கால் லட்சத்துக்கு நிற்கும். பேசினால் ஒன்றரைக்கு இறங்கும். கூடவே விற்பவர் ஒரு வார்த்தை சொல்வார்: "ரோட்டுல ஓட்டவே இல்லைங்க, ரேஸ் மட்டும்தான்."

அதைக் கேட்டு சந்தோஷப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆபீஸ் போய் வந்த வண்டியைவிட வீட்டில் நின்ற வண்டி நல்லது என்று கணக்குப் போட்டுப் பழகிய மனசு அது. மோட்டோகிராஸ் வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதில் கிலோமீட்டர் மீட்டரே கிடையாது. அதன் ஆயுளை மணி நேரத்தில்தான் எண்ணுவார்கள். போட்டி வேகத்தில் ஓட்டினால் பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பிஸ்டனை மாற்று என்று சொல்லும் மேனுவல்கள் 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்கு உண்டு. பதினைந்து மணி நேரம் என்றால் நம் ரோட்டு வண்டியில் மணிக்கு நாற்பது போனால் அறுநூறு கிலோமீட்டர். ஷோரூம் வண்டிக்கு முதல் சர்வீஸ் விடுகிற தூரம் அது! ஞாயிறு மட்டும் நிதானமாக ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பல மடங்கு தாங்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் "ரேஸ் மட்டும்தான்" ஓடிய வண்டி நிதானமாக ஓடியிருக்காது.

இனி சிலிண்டர் விஷயம்.

நம் ஊர் பழைய வண்டிகளில் அலுமினிய பிளாக்குக்குள் ஒரு வார்ப்பிரும்பு லைனர் இருக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100 எடுத்துக்கொள்ளுங்கள். போர் 50 மில்லிமீட்டர். தேய்ந்தாலோ கோடு விழுந்தாலோ என்னிடம் வரும். கால் மில்லிமீட்டர் கடைந்து, ஹோனிங் போட்டு (உள்சுவரைத் தேய்த்துச் சீராக்கி), 0.25 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் புதுசு. அடுத்த தடவை 0.50, பிறகு 0.75, பிறகு 1.00. அதற்கும் மேலே போனால் பழைய லைனரை எடுத்துவிட்டுப் புது லைனர் அடிக்கலாம். இரண்டு நாளில் வேலை முடியும். அந்த வண்டியின் தயாரிப்பு 1996ல் நின்றுபோனாலும் இன்றைக்கும் அதன் என்ஜின் ஓடுவதற்கு இந்த லைனர்தான் காரணம்.

இப்போதைய மோட்டோகிராஸ் வண்டிகளில் இந்த லைனர் கிடையாது. அலுமினியச் சுவர் மேலேயே நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த ஒரு பூச்சு இருக்கும். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அருமையான பூச்சு, சந்தேகமில்லை. எடை குறைவு, சூடு சீக்கிரம் வெளியேறும், லேசில் தேயாது. ஆனால் மண் உள்ளே போய் ஒரு இடத்தில் உரிந்துவிட்டால் என் மிஷினில் கடைந்து சரிசெய்ய முடியாது. கடைந்தால் மிச்சப் பூச்சும் போய், வெறும் அலுமினியத்தில் பிஸ்டன் ஓடும். மறுபடி பூச்சு ஏற்றும் இடத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் புது சிலிண்டர் வரவழைக்க வேண்டும்.

"லைனர் அடிச்சுக் குடுத்துருங்க" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அடிக்கலாம், அடித்துக் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த 250ல் போர் 77 மில்லிமீட்டர். சுற்றிலும் தண்ணீர் ஓடும் பாதை. நடுவில் இருக்கிற சுவர் மெலிது. அதையும் கடைந்து இரும்பைத் திணித்தால் சூடு பழையபடி வெளியேறாது. பிஸ்டனுக்குக் கூடுதல் இடைவெளி விட்டாக வேண்டும். நிமிடத்துக்குப் பதின்மூன்றாயிரம் சுற்று சுற்ற வேண்டிய என்ஜினை அதற்குப் பிறகு அடக்கித்தான் ஓட்ட வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகும் "பரவால்லைங்க, அடிங்க" என்றால் அடிப்பேன். பில்லில் மட்டும் "ரேஸ் உத்தரவாதம் இல்லை" என்று எழுதிவிடுவேன்.

பல்லடம் பக்கம் தறி வைத்திருக்கிற ஒருவர் மகனோடு வந்தார். பையன் பிளஸ் டூ முடித்தவன். ஒரு தரகர் மூலம் பத்து வருடத்து ஃபோர் ஸ்ட்ரோக் 250 ஒன்றை ஒன்று அறுபதுக்கு வாங்கியிருக்கிறார்கள். பார்க்கப் போன அன்று முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனதாம். வீட்டுக்கு வந்த பிறகு காலையில் எவ்வளவு உதைத்தாலும் பிடிக்கவில்லை. இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். சில வாரத்தில் இழுவை போய்விட்டது. மெக்கானிக் ஹெட்டைக் கழற்றியபோது இன்டேக் வால்வுகள் சீட்டுக்குள் இறங்கியிருந்தன. சிலிண்டரைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள். லைட் அடித்துப் பார்த்தால் எக்ஸாஸ்ட் பக்கம் விரல் நகம் அளவுக்குப் பூச்சு உரிந்து அலுமினியம் தெரிந்தது.

கூடவே அந்தப் பையில் கார்ப்பரேட்டரும், ஏர் ஃபில்டர் பெட்டியையும் கார்ப்பரேட்டரையும் சேர்க்கிற ரப்பர் குழாயும் இருந்தன. ஃபில்டர் புதுசு, எண்ணெய் தடவி மணக்க மணக்க இருந்தது. ரப்பர் குழாயின் உள்பக்கத்தை ஒரு பனியன் துணியால் துடைத்தேன். செம்மண் பசையாக வந்தது. ஃபில்டருக்கு முன்னால் மண் இருந்தால் அது ஃபில்டர் செய்த வேலை. ஃபில்டரைத் தாண்டி மண் இருந்தால், பழைய ஃபில்டர் கிழிந்தோ சரியாக உட்காராமலோ என்ஜின் ரொம்ப நாள் மண்ணைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். விற்பதற்காகப் புது ஃபில்டர் மாட்டியவர் அந்தக் குழாயைத் துடைக்க மறந்துவிட்டார்.

"ஏனுங்க, இதை எப்படியாச்சும் ஓட்டிக் குடுத்துடலாமுங்களா?" என்று அப்பா கேட்டார். சிலிண்டர், பிஸ்டன், வால்வு, சீட் வேலை, கேஸ்கெட் என்று மெக்கானிக் போட்ட கணக்கு முக்கால் லட்சத்தை ஒட்டி வந்தது. பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வண்டி இப்போது தறிக்கொட்டகையில் படுதா போர்த்தி நிற்கிறது. பையன் நல்ல பையன், அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்து நின்றான். தரகர் போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் என்ன கேட்க முடியும்? எழுத்தில் எதுவும் இல்லை.

ஆகவே என் கருத்து இது. குறைந்த காசில் முதல் வண்டி வாங்குகிறவர் குதிரைத் திறனையும் ஸ்டிக்கரையும் அப்புறம் பார்க்கலாம். "இந்த வண்டியின் சிலிண்டர் போனால் என் ஊரில் சரிசெய்ய முடியுமா, பிஸ்டன் ஒரு வாரத்தில் கிடைக்குமா?" என்பதை முதலில் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வராத வண்டி, ஒன்றரை லட்சம் மட்டுமே வைத்திருக்கிறவருக்கு ஆகாது. மூன்று லட்சம் வைத்திருந்து, அதில் ஒன்றரைக்கு வாங்கி, மீதியை என்ஜினுக்கு என்று எடுத்துவைப்பவர் தாராளமாக வாங்கலாம். அவருக்கு இந்தக் கடிதம் தேவையும் இல்லை.

அப்படியென்றால் எதை வாங்குவது? ஆர்எக்ஸ் 100 என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. ஒரு காலத்தில் நம் மண் பந்தயங்களில் ஆர்எக்ஸும் ஷோகனும்தான் ஓடின. இன்றைக்கு நல்ல ஆர்எக்ஸ் கிடைத்தால் அதைப் பூஜை அறையில் வைக்கிற விலை சொல்கிறார்கள். அதை மேட்டிலிருந்து குதிக்க வைப்பது பாவம்.

செகண்ட் ஹேண்ட் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வாங்குங்கள் என்பேன். 2019ல் வந்தபோது கார்ப்பரேட்டர் மாடல் 97 ஆயிரம். அந்த முதல் வருடத்து வண்டிகள் இப்போது எங்கள் பக்கம் எழுபது, எண்பதுக்குக் கிடைக்கின்றன. இது மோட்டோகிராஸ் வண்டி இல்லை என்று பையன்கள் உடனே சண்டைக்கு வருவார்கள். வாஸ்தவம்தான். எடை நூற்று ஐம்பது கிலோவுக்கு மேலே; அசல் 250 மோட்டோகிராஸ் வண்டி நூற்றுப் பத்துக்குள் இருக்கும். முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர்தான் இறங்கும். அசல் வண்டியில் முந்நூறு. பெரிய ஜம்ப் அடித்தால் அடி தட்டும், முதுகுக்கும் நல்லதில்லை. ஆனால் முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18, இரண்டும் ஸ்போக். முதல் வருடத்தில் ஒரு பையன் கற்றுக்கொள்ள வேண்டியது ஃபுட்ரெஸ்ட்டில் நின்று ஓட்டுவது, மண் வளைவில் காலை நீட்டித் திரும்புவது, பின் பிரேக்கில் வழுக்கிக் கட்டுப்படுத்துவது. இதற்கெல்லாம் இந்த வண்டி தாராளம். 2022ல் அந்த நிறுவனமே இந்த வண்டியை வைத்து மண் ஓட்டத் திறன் போட்டி நடத்தியது. தேசியப் போட்டிகளிலும் இந்திய வண்டிகளுக்கென்று பிரிவு உண்டு, புதியவர்களுக்கும் உண்டு. ஓட்டிப் பழகிய பிறகு காசு இருந்தால் ராலி கிட் போடலாம். முன் சஸ்பென்ஷன் 250 மில்லிமீட்டராக ஏறும். முக்கியமாக, உடைந்தால் திருப்பூரிலும் கிடைக்கும், திண்டுக்கல்லிலும் கிடைக்கும்.

அதற்கு முன்னால் வந்த ஹீரோ இம்பல்ஸ் 150யும் கண்ணில் படும். 2011 வண்டி. எடை இன்னும் குறைவு, விலையும் குறைவு. பிளாஸ்டிக் பாகங்கள் கிடைப்பது கஷ்டம் என்பதால் நான் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அசல் மோட்டோகிராஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவருக்கு ஒரே ஒரு வழி சொல்வேன். 125 டூ ஸ்ட்ரோக் கிடைக்கிறதா பாருங்கள். அதிலும் பூச்சு சிலிண்டர்தான். ஆனால் வால்வு இல்லை, கேம் செயின் இல்லை, பிஸ்டன் மாற்றுவது நல்ல மெக்கானிக்குக்கு அரை நாள் வேலை, பிஸ்டன் கிட்டும் ஃபோர் ஸ்ட்ரோக்கைவிட மலிவு. வாங்கும் முன் சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாய் வழியாக மொபைல் டார்ச் அடித்து, கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்திக்கொண்டே பார்த்தால் பிஸ்டன் மேலும் கீழும் போவது கண்ணுக்கே தெரியும். மேலிருந்து கீழாகக் கோடுகள் இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கழற்ற விடாதவரிடம் விலையே பேச வேண்டாம்.

பார்க்கப் போவதற்கு முன்னால் போனில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நான் வந்து பண்ணிக்கிறேன்." போனதும் முதல் வேலையாக என்ஜின் மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் டீ குடிக்கப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு போய்விட்டதை மறைக்க இருக்கிற சுலபமான வழி சூடாக்கி வைப்பதுதான். வெளியூர் வண்டியாக இருந்து வீடியோ அனுப்பினால், அன்றைய செய்தித்தாளை டேங்க் மேல் வைத்து, குளிர்ந்த என்ஜினை உதைக்கிற வீடியோ கேளுங்கள். உங்கள் நாளிதழுக்கு ஒரு பிரதி கூடுதலாக விற்கும்.

மற்றதெல்லாம் உங்கள் மெக்கானிக்குக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கோன்செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போயிற்று. ஃபோர்க் குழாயில் கீறல், எண்ணெய்க் கசிவு பாருங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினால் "டக் டக்" என்று கேட்கக் கூடாது. ஸ்போக்குகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், மந்தமான சத்தம் வருவது தளர்ந்த கம்பி. பின் ஸ்பிராக்கெட் பல் அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் செயின் செட்டே மாற்ற வேண்டும், விலையில் கழித்துக்கொள்ளலாம். ஃபிரேமில் ஹேண்டில் கழுத்துப் பக்கமும் ஃபுட்ரெஸ்ட் பற்ற வைத்த இடமும்தான் விரிசல் விடும். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். கிளட்ச் கவர், மேக்னட் கவர் இரண்டும் பூட்ஸ் உரசி வெள்ளையாகத் தேய்ந்திருக்கும். விற்பவர் சொல்லும் மணி நேரத்தைவிட அந்தத் தேய்மானத்தை நம்பலாம். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது.

வெளிநாட்டு வண்டி என்றால் எந்த வருடத்தது என்பதிலேயே பொய் சொல்வார்கள். ஹேண்டில் கழுத்தில் குத்தியிருக்கிற சேஸிஸ் எண் பதினேழு எழுத்தாக இருந்தால், பத்தாவது எழுத்து பெரும்பாலும் மாடல் வருடம். 8 என்றால் 2008, 9 என்றால் 2009. அதன் பிறகு ஆங்கில எழுத்து வரும்: ஏ 2010, பி 2011, சி 2012, டி 2013 என்று போகும். "2013 மாடல்ங்க" என்று சொன்ன வண்டியில் அந்த இடத்தில் 8 இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எண்ணே தேய்க்கப்பட்டிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம், தொட வேண்டாம்.

காகிதம் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டோகிராஸ் வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது; ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எதுவுமே இல்லாத வண்டியை நம் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிய முடியாது. அதனால் முதல் பில், இறக்குமதி செய்த சுங்கக் காகிதம், ஒவ்வொரு கை மாறியதற்கும் எழுத்து, இவைதான் உங்கள் ஆதாரம். இந்த வண்டியை வீட்டிலிருந்து மைதானம் வரை ரோட்டில் ஓட்டிப் போகவும் கூடாது. பதிவில்லாத வண்டியை ரோட்டில் ஓட்டினால் முதல் தடவையே ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். பதினெட்டு வயது ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோருக்கு 25 ஆயிரம் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. ஆக, ஒரு குட்டியானை வாடகையும் ஒவ்வொரு ஞாயிறும் கணக்கில் சேரும். எக்ஸ்பல்ஸ் என்றால் அதற்கு நம்பர் பிளேட் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. லைட்டையும் கண்ணாடியையும் கழற்றாமல் லைசென்ஸ் உள்ளவர் ஓட்டிப்போய், மைதானத்தில் கழற்றி, திரும்பும்போது மாட்டிக்கொண்டு வரலாம். அந்த வாடகை மிச்சத்தில் வருடத்துக்கு ஒரு செட் டயர் வரும்.

காசை எப்படிப் பிரிப்பது என்றும் கேட்கிறார்கள். ஒன்றரை லட்சத்தில் வண்டிக்கு எண்பது, தொண்ணூறுக்கு மேல் போக வேண்டாம். முப்பது, முப்பத்தைந்து உடம்புக்கு: ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கால் கவசம், பூட்ஸ். இதில் எதைக் குறைத்தாலும் பூட்ஸைக் குறைக்காதீர்கள். கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வளைவில் காலை நீட்டுகிற பையன்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கணுக்கால் திரும்பினால் வண்டி விலையைவிட ஆஸ்பத்திரி பில் அதிகம். மீதி இருப்பது செயின், டயர், ஆயில், ஃபில்டருக்கு. வெளிநாட்டு வண்டி வாங்கியவர்கள் எல்லாக் காசையும் வண்டியில் போட்டுவிட்டு, அண்ணனின் ரோட்டு ஹெல்மெட்டோடு மைதானத்துக்கு வருகிறார்கள்.

இன்னொன்று, பெட்ரோல். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய கார்ப்பரேட்டர் வண்டியை இரண்டு மூன்று வாரம் நிறுத்துவதாக இருந்தால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கிறதை வடித்துவிடுங்கள். ஜெட்டில் (பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையில்) பச்சை படிந்து அடைத்துக்கொண்டு வருகிற வண்டிகள் அதிகமாகிவிட்டன. டூ ஸ்ட்ரோக்கில் ஜெட் அடைத்தால் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறி, நேராக என் பட்டறைதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்று கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற 49 சிசி சீன வண்டிகள் வருகின்றன. ஆறு, ஏழு வயதுக்கு வீட்டுத் தோட்டத்தில் ஓட்ட விளையாட்டுச் சாமானாக வாங்கலாம். வெல்டிங்கை மட்டும் ஒரு நல்ல வெல்டரிடம் காட்டிவிட்டு ஓட்ட விடுங்கள்.

கடைசியாக உங்களிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கத்துப் பையன்கள் வற்றிய குளத்துக்குள்ளும் விற்காத சைட்டுகளுக்குள்ளும்தான் ஓட்டிப் பழகுகிறார்கள். மாடு மேய்ப்பவர் திட்டுகிறார், போலீஸ் விரட்டுகிறது, விழுந்தால் தூக்க ஆள் இல்லை. கோலார் பக்கம் சி.எஸ். சந்தோஷ் வைத்திருக்கிற மண் ஓட்டப் பூங்காவுக்குப் போனால் பயிற்சி கிடைக்கும், அங்கேயே வண்டியும் தருகிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு நாள் அங்கே போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். ஒரு நாளிலேயே கை வலித்து ஆசை போய்விட்டால் ஒன்றரை லட்சம் மிச்சம். ஆனால் எல்லோராலும் கோலார் போய்வர முடியாது. செட்டிபாளையத்தில் தார் ஓட்டத்துக்கு ஒரு டிராக் இருப்பதுபோல், ஏதாவது ஒரு கைவிட்ட கல்குவாரிப் பக்கத்து நிலத்தில், ஞாயிறு மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு ஆம்புலன்ஸ் நிறுத்தி, மண் டிராக் ஒன்று நடத்தலாம். நிலம் யாருடையது, அனுமதி யார் தர வேண்டும் என்று உங்கள் நிருபர் ஒருவரை விசாரித்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை பறக்கிற வண்டி படம் போடும்போது, கீழே அதன் விலையையும் பிஸ்டன் விலையையும் சின்ன எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

யாருக்காவது சிலிண்டர் பார்க்க வேண்டுமென்றால் வாங்கும் முன்பே கொண்டுவரலாம். கேஜ் விட்டுப் பார்க்கக் காசு வாங்குவதில்லை. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு டிராக்டர் பிளாக் வேலை இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு போரிங் பட்டறைக்காரர்,
கணபதி, கோவை.